பிறப்பும் புள்ளியும்

தரப்படுத்தலால்தான் நாம் இங்கே வந்து சேர்ந்தோம் என்ற பேச்சு எம்மவர் மத்தியில் இன்றுவரை ஓயவில்லை. செத்தவீட்டிலும் சாமத்தியவீட்டிலும், தமிழ்ப் பாடசாலையின் பரிசளிப்பு மேடையிலும் அது எப்படியோ வந்துவிடுகிறது. கம்பஸ் கிடைத்திருந்தால் ஏன் ஜேர்மனிக்கு வந்து கோப்பை கழுவியிருக்கப் போகிறோம் என்பார்கள். உயர்தரப் பரீட்சை மண்டபத்தின் படியைக்கூட மிதிக்காதவர்களும் இதைச் சொல்வதுண்டு. அதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை.

ஆனால் இங்கே பிறந்து வளர்ந்து, இங்கேயே பல்கலைக்கழக வாசலில் நிற்கும் எமது பிள்ளைகள் திருப்பிக் கேட்கிறார்கள்: "இங்கேயும் புள்ளிகளைத் தரப்படுத்தித்தானே எடுக்கிறார்கள், அப்பா? அதில் என்ன பிழை?" அது வேறு, இது வேறு என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறோம். எப்படி வேறு என்பதைக் கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பார்த்தால், நாம் எதிர்பாராத இடத்திலே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் சொல்வது உண்மைதான். ஜேர்மனியின் 16 மாநிலங்களும் கல்வியைத் தத்தம் கையிலே வைத்திருக்கின்றன. அபிற்றூர் பரீட்சையும் அப்படியே. ஒரு மாநிலத்தில் எடுத்த பெறுபேறும் இன்னொரு மாநிலத்தில் எடுத்த பெறுபேறும் ஒன்றல்ல என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மருத்துவத்துக்கு இடங்கள் குறைவு. கேட்பவர்கள் பல மடங்கு. 1972 ஜூலை 18இல் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தகுதி பெற்ற எவருக்கும் பல்கலைக்கழகம் புகும் உரிமை உண்டு. இருக்கிற இடங்கள் முழுவதும் நிரம்பிய பிறகுதான் அரசு கதவை மூடலாம். மூடும்போதும் எல்லோருக்கும் நியாயமான வாய்ப்பு இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டில் டோர்ட்முண்டில் இடங்களைப் பங்கிடும் மத்திய அலுவலகம் திறக்கப்பட்டது. சராசரி உயர்ந்த மாநிலத்துப் பிள்ளைக்குப் பெறுபேற்றில் சற்றுக் குறைத்தும், சராசரி தாழ்ந்த மாநிலத்துப் பிள்ளைக்குச் சற்றுக் கூட்டியும் கணக்குப் பார்த்தார்கள். பெரும் சண்டையின் பின் அது கைவிடப்பட்டு மாநிலப் பங்கீடு வந்தது. 2017 டிசம்பர் 19இல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பல்கலைக்கழகங்கள் தாமே மாணவரைத் தெரிவு செய்யும்போது மாநிலங்களுக்கிடையிலான வேறுபாட்டை ஈடுசெய்யாமல் விடுவது அரசியலமைப்புக்கு முரண் என்றது. அதாவது, தரப்படுத்தாமல் விடுவதே அநீதி என்றது!

இப்போது எமது கதைக்கு வருவோம். 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அடுத்த ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், 400 புள்ளிகளுக்கு, மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250உம் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229உம் தேவை என்று வைத்தது. பொறியியலுக்கு 250, 227. உண்மையில் 'தரப்படுத்தல்' என்ற பெயரோடு, இரு மொழிப் புள்ளிகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் முறை 1973இல்தான் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் யோசிக்க விடாமல் தடுக்கிறது என்று எண்ணுகிறோம்.

ஏனென்றால் இவை ஒரே விடயம் அல்ல. தமிழ்ப் பரீட்சகர்கள் அள்ளிப் போட்டார்கள் என்ற குற்றச்சாட்டே மொழிவாரிப் புள்ளிக்கு அன்று சொல்லப்பட்ட நியாயம். அது நிரூபிக்கப்படவில்லை. சந்தேகம் இருந்திருந்தால் விடைத்தாள்களை மறுபடி திருத்தியிருக்கலாம். கணக்குக்கும் இரசாயனச் சமன்பாட்டுக்கும் மொழி அவ்வளவு பெரிய மறைப்பு அல்ல. அதைச் செய்யாமல் மொழிக்கொரு வேலி போட்டார்கள். மன்னாரின் ஒரு மூலையில், ஆய்வுகூடமே இல்லாத பள்ளியில் தமிழில் படித்தவனுக்கு 250 தேவைப்பட்டது. கொழும்பின் பெரிய கல்லூரியில் சிங்களத்தில் படித்தவனுக்கு 229 போதுமாயிருந்தது. அந்த மன்னார்ப் பையனின் முகத்தைப் பார்த்து என்ன காரணத்தைச் சொல்வது? நீ தமிழில் எழுதினாய் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல இல்லை.

மாவட்ட ஒதுக்கீடு அப்படியல்ல. யாழ்ப்பாணத்தவரான எம்மில் பலருக்கு இது கசக்கும். ஆனால் சொல்லத்தான் வேண்டும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களிலும் இருந்து முதன்முதலாக மருத்துவபீடம் போனவர்களுக்கு அந்த ஒதுக்கீடே வாசலைத் திறந்தது. இழந்தவர்களில் யாழ்ப்பாணத்தோடு கொழும்பும் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "உன் ஊரில் மிஷன் பள்ளிக்கூடங்கள் நூறு வருடத்துக்கு முன்பே வந்துவிட்டன, முல்லைத்தீவில் இல்லை" என்று சொல்லலாம். அந்தப் பிள்ளைக்குக் கோபம் வரும், அழுகையும் வரும். என்றாலும் அது ஒரு காரணம். அதை எதிர்த்து வாதாடலாம், அளவு கூடிப்போயிற்று என்று கணக்குக் காட்டலாம். 1977இல் ஆட்சி மாறியபோது மொழிவாரி முறை போயிற்று. மாவட்ட முறை நின்றுவிட்டது. இன்றைக்கும் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்றுதான் இடங்கள் பிரிகின்றன. பரீட்சைக்காகவே பிள்ளையைப் பின்தங்கிய மாவட்டத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்ட பெற்றோரின் கெட்டித்தனத்தைப் பற்றி இங்கே எழுதப் புகுந்தால் வேறு கட்டுரையாகிவிடும்.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இதுதான். புள்ளியில் கூட்டுவதும் குறைப்பதும் தன்னளவில் அநீதி அல்ல. இழப்பவனிடம் காரணம் சொல்ல முடிகிறதா, அவன் திருப்பிப் பேச ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இங்கே இடம் கிடைக்காத மாணவன் வழக்குப் போட்டான், சட்டமே மாறிற்று. அங்கே 1972 மே 22இல் நிறைவேறிய குடியரசு யாப்பு, சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவை நீக்கியது. சட்டமாகிவிட்ட ஒன்றை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாதபடியும் செய்தது. இரண்டு தேதிகளுக்கும் இடையில் இரண்டு மாதம்கூட இல்லை.

இந்தப் பதிலோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு 1971இலிருந்து இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனால், எமது மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்தவர் என்றோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும் என்றது அது. பிறப்பைப் பதிவதே அரிதாயிருந்த தோட்டத்து லயத்தில், பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1952இல் ஒருவரும் இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953இல் அங்கே தோற்றது. தன் குடிகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான உரிமை என்றார்கள்.

இங்கேதான் எமது அளவுகோல் வளைகிறது. அந்தத் தொழிலாளிக்கு நீதிமன்றம் இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால் அவர் யாரிடம் காரணம் கேட்பது? காரணம் சொல்லவேண்டிய சபையில் அவருக்கு இடமில்லை. இடமில்லை என்பதுதான் வழக்கே. புள்ளியில் தோற்றவன் வீட்டுக்குள் இருந்துகொண்டு சண்டை பிடிக்கிறான். பிறப்பில் தோற்றவனை வெளியே விட்டுக் கதவைச் சாத்திய பிறகு, உள்ளே இருப்பவர்கள் வாக்கெடுத்து, இவன் வெளியார்தான் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கிறார்கள். அதன்பின் அவன் கணக்கு எண் ஆகிவிடுகிறான். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் அந்த மிகுதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குப் பொதுவாகப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அவர்களுடைய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு 250ஆ 229ஆ என்ற கவலையே வந்ததில்லை. உயர்தர வகுப்பு வரைக்கும் போன தோட்டத்துப் பிள்ளைகள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

1949 டிசம்பரில் செல்வநாயகமும் வன்னியசிங்கமும் தமிழ்க் காங்கிரசை விட்டுப் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடக்கியதற்கு இந்தச் சட்டங்கள் ஒரு முக்கிய காரணம். ஜீ.ஜீ. பொன்னம்பலம் அரசில் அமைச்சராகத் தொடர்ந்தார். அதைப் பற்றி எம்மவர் எழுதியவை நிறைய உண்டு. பெரும்பாலும் தலைவர்களின் வழக்காக எழுதப்பட்டவை. லயத்தின் பக்கமிருந்து எழுதப்பட்டது கொஞ்சம்.

ஜேர்மனிக்கு வந்த பின்புதான் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பது எமக்குக் கொஞ்சமேனும் விளங்கக்கூடியதாயிற்று. கிழக்கு பேர்லின் விமானநிலையத்தில் இறங்கி மேற்குக்கு வந்த எம்மை 1913ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எதிர்கொண்டது. ஜேர்மனியர் என்றால் ஜேர்மன் தந்தைக்குப் பிறந்தவர். முறைப்படி மணம் செய்த ஜேர்மன் தாயின் இரத்தம்கூட 1975 வரை போதுமாயிருக்கவில்லை. (இலங்கைச் சட்டத்தில் தாய் எண்ணப்பட 2003 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.) எம்மில் பலர் கையில் வைத்திருந்தது டுல்டுங். சகித்துக்கொள்ளுதல் என்று பொருள். நாடு கடத்தல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்பதே அந்தத் தாளில் உள்ள செய்தி. வெளிநாட்டவருக்கு உள்ளூராட்சி வாக்குரிமை கொடுக்க ஹம்பேர்க்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்ரைனும் முயன்றபோது, 1990 ஒக்டோபர் 31இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மக்கள் என்றால் ஜேர்மன் மக்கள் என்றது. பிரிவி கவுன்சில் சொன்னதற்கும் இதற்கும் இடையில் நாம் பெரிய தூரம் காணவில்லை. ஒன்று மட்டும் வித்தியாசம்: குடியுரிமைச் சட்டத்தை மாற்றி இதைச் சரிசெய்யலாம் என்றும் அந்தத் தீர்ப்பு வழி காட்டியது. பத்து வருடம் கழித்து, 2000 ஜனவரி 1 முதல், எட்டு வருடம் சட்டப்படி வாழ்ந்த பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளை ஜேர்மனியராகப் பிறந்தது. அதற்கு முதல் வருடம் இரட்டைக் குடியுரிமைக்கு எதிராகத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கப்பட்டது எம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

இவற்றுக்கிடையே ஜேர்மன் நிர்வாக மொழியில் விசித்திரமான ஒரு சொல் உண்டு. பில்டுங்ஸ்இன்லெண்டர். கல்வியால் உள்நாட்டவர் என்று சொல்லலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அபிற்றூரை இங்கே எடுத்த பிள்ளையைப் பல்கலைக்கழக அனுமதியில் ஜேர்மன் பிள்ளையோடு சமமாக வைக்கும் சொல் அது. வெளிநாட்டார் அலுவலகத்தில் வெளியாளாக வரிசையில் நின்ற அதே பிள்ளை, அனுமதிப் படிவத்தில் உள்நாட்டவர். எந்த மேதையும் தத்துவம் பேசி இதை உண்டாக்கவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வருடம் எமது வகுப்பில் இருந்தவனை எப்படி வெளியாள் என்று எழுதுவது என்ற எழுத்தரின் சங்கடத்தில் பிறந்த சொல்லாகவே எமக்குப் படுகிறது. யாருடைய பிள்ளை என்பதை அது கேட்பதில்லை. எங்கே இருந்து வளர்ந்தாய் என்று கேட்கிறது. மலையகத்தில் இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். தேயிலைச் செடிகளே பதில் சொல்லியிருக்கும்.

2024 ஜூன் 27 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம் வதிவிடக் காலத்தை ஐந்து வருடமாக்கி, பழைய குடியுரிமையை வைத்திருக்கவும் இடம் கொடுத்திருக்கிறது. எம்மவர் மகிழ்ந்தார்கள், மகிழ வேண்டியதுதான். ஆனால் அதே சட்டம் இன்னொரு கேள்வியை முன்னையதைவிட இறுக்கமாகக் கேட்கிறது: அரசு உதவியின்றி உன் செலவைப் பார்த்துக்கொள்கிறாயா? 1974 ஜூன் 30 வரை ஒப்பந்தத்தில் வந்த வேலையாட்களுக்கும், கிழக்கு ஜேர்மனியின் ஒப்பந்தத் தொழிலாளருக்கும், முழுநேர வேலையில் நிலைத்திருப்போருக்கும், சில சந்தர்ப்பங்களில் அவர்களது வாழ்க்கைத் துணைக்கும் விலக்கு உண்டு. எண்பதுகளில் அகதியாக வந்து, வேலை அனுமதிக்காகக் காத்திருந்து, பிறகு குசினியிலும் துப்புரவு வேலையிலும் அரைநாள் கால்நாள் என்று உழைத்து, சிறிய ஓய்வூதியத்தோடு அரசின் முதுமைக்கால உதவியையும் பெறுகிற எமது தாய்மாரின் பெயர் அந்த விலக்குகளில் இல்லை. அவர்களில் இன்னும் குடியுரிமை பெறாதவர்களுக்கு எஞ்சியிருப்பது அதிகாரியின் தயவு. மகள் இங்கே படித்து மருத்துவராகி, ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப் போடுகிறாள். நாற்பது வருடம் இந்த நாட்டில் வாழ்ந்த தாய், வருமானச் சான்றிதழ்களைக் கோப்பில் போட்டுக்கொண்டு கருணை மனு எழுதுவதற்கு மகளின் கையை எதிர்பார்த்திருக்கிறாள்.