இதைப் பாடுவது யார்?

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில், மாலை வேளையில் லிட்டில் இந்தியாப் பகுதி ஓசைகளால் நிறைந்திருக்கும். கடைகளின் ஒலிபெருக்கிகளில் திரைப்பாடல்கள் முழங்கும். குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டு எழுந்த மகா மாரியம்மன் கோயிலின் மணியோசை அவற்றினூடே வந்து கலக்கும். அத்தெருவில் தன் தாத்தாவுடன் நடக்கும் பள்ளி மாணவன் ஒருவன், காதில் ஹெட்போன் அணிந்து வேறோர் இசையில் மூழ்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் அதை வாங்கித் தம் காதில் வைத்துக் கேட்கிறார். பாட்டு இல்லை, வீணை இல்லை, மத்தளம் இல்லை. மின்னணுக் கருவி எழுப்பும் நாதம் மட்டும் மூடுபனிபோல் பரவிக்கொண்டே போகிறது.

“இதைப் பாடுவது யார், தம்பி?” என்கிறார் அவர்.

“யாரும் பாடவில்லை, தாத்தா. எல்லாம் மெஷின்தான்” என்கிறான் பேரன்.

யாரும் பாடவில்லை என்பது உண்மையா? உயிரற்ற பொறி எழுப்பும் ஒலி மனித நெஞ்சை உருக்க இயலுமா? உருக்குமாயின், அவ்வுருக்கம் மெய்யா, வெறும் மயக்கமா? இவை இசைவாணர்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. பொறிகளோடு வாழ்ந்தே தீரவேண்டிய மாந்தர் அனைவர்க்கும் உரிய அறவினாக்கள்.

இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுவார்க்கு மும்பையில் உருவான ஓர் இசைத்தட்டு துணைநிற்கும். சரண்ஜித் சிங் என்பவர் இந்தித் திரைப்படங்களின் இசைக்குழுக்களில் கிட்டாரும் விசைப்பலகையும் வாசித்து வந்த கலைஞர். அவர் 1982ஆம் ஆண்டில், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அப்போதுதான் வெளியிட்டிருந்த மூன்று மின்னணுக் கருவிகளை மட்டும் கொண்டு, பத்து இந்துஸ்தானி இராகங்களைத் தனியொருவராக இசைத்துப் பதிவு செய்தார். ஒரு கருவி தாளத்தைத் தந்தது. ஒன்று அடிநாதத்தைத் தந்தது. மற்றொன்றில் அவர் இராகத்தை வாசித்தார். ‘டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு அத்தட்டு வெளிவந்தது.

அன்று அதனை வாங்குவார் மிகச் சிலரே. இராகம் கேட்பவர்க்கு அது கூத்தாகத் தோன்றியது. கூத்தை விரும்பியவர்க்கு இராகமாகத் தோன்றியது. இருசாராரும் கைவிட்டனர். பின்னர், 1987ஆம் ஆண்டில், அதே வகைக் கருவியைக் கொண்டு சிகாகோ நகரத்து இளைஞர் சிலர் செய்த இசை உலகெங்கும் ஒரு புது மரபாகப் பரவியது. அம்மரபின் சாயல் மும்பைத் தட்டில் ஐந்தாண்டுகள் முன்னரே இருந்தமை நெடுங்காலம் கவனிக்கப்படவே இல்லை. 2010ஆம் ஆண்டில் அத்தட்டு மீண்டும் வெளியிடப்பட்டபோது உலகம் வியந்தது. முதுமையில் அக்கலைஞர் ஐரோப்பிய மேடைகளில் அவ்விசையை வாசித்தார். 2015ஆம் ஆண்டில் மறைந்தார்.

அத்தட்டின் கவர்ச்சி எங்கே உள்ளது? அதிலுள்ள பூபாளி, தமிழர் மோகனம் என்று போற்றும் இராகம், மால்கௌன்ஸ், இந்தோளம், யமன், கல்யாணி. கருவி புதிது, அதில் ஓடும் பண்ணோ பழையது. சலியாமல் திரும்பத் திரும்ப வரும் தாளமும் மாறாத அடிநாதமும் கேட்பவனின் சிதறிய எண்ணங்களை ஒருமுகப்படுத்துகின்றன. தம்புராவின் சுருதி நெடுங்காலமாகச் செய்துவரும் பணியும் அதுவேயன்றோ? ஐரோப்பாவில் 1990களின் இறுதியில் ‘ஃபியூச்சர்பாப்’ என்னும் பெயரோடு எழுந்த மின்னணு இசையும் இத்தகையதே. அவ்வகையில் புகழ்பெற்ற வி.என்.வி. நேஷன் என்னும் குழு, பழிவாங்கல் அன்று, வெற்றியே வேண்டும் என்னும் கருத்தைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. இரும்பின் ஓசையினூடே நம்பிக்கையைத் தேடும் இளைஞர் அதன்பால் ஈர்க்கப்படுவதில் வியப்பில்லை.

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையும் ஒன்று. புதியதையும் மிகப் பெரியதையும் எதிர்கொள்ளும் உள்ளத்தில் அது தோன்றும். பரந்து விரியும் மின்னணு நாதம் எழுப்புவது அம்மருட்கையே. மெய்ப்பாடு தோன்றும் இடம் கருவியன்று, மனிதனின் உள்ளம். ஆகவே, கருவி புதிதென்பதால் உணர்ச்சி பொய்யாகிவிடாது.

மூச்சும் விரலும் படாத ஒலி இசையாகுமா என்று கேட்பார் உளர். அவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆயின், வரலாறு தரும் பாடமும் உண்டு. ஆர்மோனியத்தில் கமகம் பிறவாது என்றும், அஃது அயலார் கருவி என்றும் கூறி, அகில இந்திய வானொலி அதனை 1940ஆம் ஆண்டில் விலக்கியது. அத்தடை 1971ஆம் ஆண்டில்தான் தளர்ந்தது. மேலைநாட்டு வயலினோ கருநாடக இசை மேடையின் இன்றியமையாத துணையாயிற்று. தமிழர் போற்றிய யாழ் வழக்கொழிந்தது. அதன் இயல்பை மீட்டறிய விபுலானந்த அடிகள் பல்லாண்டுகள் உழைத்து, 1947ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ வெளிவரச் செய்யவேண்டியதாயிற்று. யாழ் மறைந்தும் பண் மறையவில்லை. கருவிகள் வரும், போகும். அவற்றின் வழியே தன்னை வெளியிடத் துடிக்கும் மனிதனின் ஏக்கம் நிலைத்து நிற்கும்.

அவ்வாறாயின் பொறி எழுப்பும் ஒலி யாவும் ஏற்கத்தக்கதோ? அன்று. கோயில்கள் பலவற்றில் இன்று பூசை வேளையில் மின்சாரத்தால் இயங்கும் முரசும் மணியும் ஒலிப்பதைக் காணலாம். பொத்தானை அழுத்தினால் அவை அதிரும்; மீண்டும் அழுத்தினால் அடங்கும். அவற்றை இசைப்பவர் எவரும் இல்லை. தவிலும் நாகசுரமும் ஏந்தி நிற்கவேண்டிய கலைஞரின் இடத்தில் ஒரு பெட்டி நிற்கிறது. அவருடைய ஊதியம் மிச்சமாகிறது. அவருடைய மகன் அக்கலையைக் கற்பதற்கு இருந்த காரணமும் மறைகிறது.

சரண்ஜித் சிங் கையாண்டதும் மின்பொறியே. கோயில் மூலையில் அதிர்வதும் மின்பொறியே. முன்னது ஒரு மனிதனின் தேடலைச் சுமந்து செல்கிறது. பின்னது ஒரு மனிதனை அகற்றிவிட்டு அவன் இடத்தில் அமர்கிறது. முன்னதில் இராகத்தின் ஒவ்வொரு சுரத்தையும் ஒருவர் தேர்ந்தார். பின்னதில் தேர்வும் இல்லை, தவறும் இல்லை, பக்தியும் இல்லை. பொறியை நன்றென்றும் தீதென்றும் பகுப்பது இவ்வேறுபாடே. செவிக்கு இனிமை தருவது மட்டும் போதிய அளவுகோல் ஆகாது.

இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியரின் கடன். மாணவன் விரும்பும் இசையைக் கேளாமலே இரைச்சல் என்று இகழ்ந்தால், அவன் தன் செவியை மட்டுமன்றி உள்ளத்தையும் மூடிக்கொள்வான். அவனோடு அமர்ந்து கேட்டு, இதில் யாருடைய ஏக்கம் ஒலிக்கிறது என்று வினவினால், அவன் சிந்திக்கத் தொடங்குவான். அவ்வாறு சிந்திக்கப் பழகியவன், தைப்பூசத்துக்கு முந்தைய நாளில் தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் வெள்ளி இரதத்தின் முன்னே, வெயிலில் வியர்வை வழிய நாகசுரம் வாசிப்பவரையும் புதிய கண்ணோடு நோக்குவான்.

பேரன் கூறிய விடை பிழையன்று, முழுமையற்றது. நல்ல இசையில் பாடுபவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், இல்லாமற் போவதில்லை. இதைப் பாடுவது யார் என்று கேட்கும் வழக்கம் மாந்தரிடம் உள்ளவரை, பொறிகள் எத்துணை பெருகினும் இசைக்குக் கேடில்லை.