விமானி ஆவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அபிஷேகம் முடிந்து கீழ்த்தளத்து உணவுக்கூடத்தில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பல ஆண்டுகளுக்கு முன் நம் கோயில் பாலர் வகுப்பில் என்னிடம் அ, ஆ எழுதப் பழகிய பெண் ஒருத்தி, தட்டோடு எதிரே வந்து அமர்ந்தாள். இப்போது கல்லூரியில் இயந்திரப் பொறியியல், கடைசி ஆண்டு.

"மாமா, படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் பைலட்டாகப் போகிறேன். எந்தப் படையில் சேர்ந்தால் நல்லது?" என்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்த அவள் தாயார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தந்தையார் என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்கள். பறக்க ஆசை என்றால் ஏர்லைன்ஸ் இருக்கிறதே. துப்பாக்கி எதற்கு?" என்றார். அன்று எனக்குத் தகுந்த பதில் வரவில்லை. விசாரித்தும் படித்தும் யோசித்தும் பார்த்தபின் எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இதே கேள்வி இனியும் எழும் என்பதால், பெற்றோர்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

முதலில் சில விவரங்கள். அமெரிக்காவில் விமானிகளை வைத்திருக்கும் படைகள் ஐந்து: விமானப்படை, கடற்படை, மரைன் படை, தரைப்படை, கடலோரக் காவல்படை. ஐந்திலும் அதிகாரியாகச் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பொதுவாகக் கல்லூரிப் பட்டமும் வேண்டும். தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானிகளில் பெரும்பாலோர் வாரன்ட் ஆபீசர் என்ற தனித் தகுதியில் இருப்பவர்கள். அதற்குப் பட்டம் கட்டாயமில்லை. போர் விமானங்களை ஓட்டப் பெண்களுக்கு இருந்த தடை 1993-இல் நீங்கியது.

பிள்ளைகள் ஒப்பிடுவது பெரும்பாலும் விமானங்களைத்தான். எது வேகமானது, எது கப்பலில் இறங்கும், எது எத்தனை டன் சுமக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். பெற்றோர் ஒப்பிடுவது ஆண்டுகளை. விமானப்படையில் பயிற்சி முடித்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் பணிசெய்ய வேண்டும். தரைப்படையிலும் 2020 அக்டோபர் முதல் 10 ஆண்டுகள். கடற்படையிலும் மரைன் படையிலும் 8 ஆண்டுகள் வரை ஆகும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்தால், 22 வயதில் கையெழுத்துப் போடும் பிள்ளை வெளியே வரும்போது 30 தாண்டிவிடும். நம்மவர் பிள்ளைக்குப் பெண் பார்த்து, மாப்பிள்ளை பார்த்து முடிக்கும் காலம் முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது.

இந்த இரண்டு கணக்குகளும் தேவையானவையே. ஆனால் இவற்றுக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: "அம்மா, நீ பறக்க முடியாமற் போனால், அந்தப் படையில் வேறு எந்த வேலையைச் செய்யச் சம்மதிப்பாய்?"

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. படையில் சேருகிறவர் முதலில் அதிகாரி, பிறகுதான் விமானி. கண்ணில் ஒரு குறை, காதில் ஒரு கோளாறு, பயிற்சியில் ஒரு தோல்வி வந்தால் சிறகுச் சின்னம் கிடைக்காமற் போகலாம். அதனால் மட்டும் கையெழுத்து அழிந்துவிடாது. படைக்கு வேண்டிய வேறொரு வேலைக்கு அனுப்பலாம். விமானப்படையில் அது அணு ஏவுகணைகளுக்குக் காவலிருக்கும் நிலத்தடி அறையாகவும் இருக்கக்கூடும். மரைன் படை இதை ஒளிக்காமலே சொல்லிவிடுகிறது. விமானியாகத் தேர்வான இளைஞரும் வர்ஜீனியா மாநிலத்துக் குவான்டிகோவில் ஏறக்குறைய ஆறு மாதம், காலாட்படைக் குழு ஒன்றை நடத்தும் பயிற்சியைப் பெற்றாக வேண்டும். தரையில் சண்டையிடுகிறவனுக்குத் துணையாகவே மரைன் விமானி பறக்கிறார் என்பது அவர்கள் கொள்கை.

சிறகு கிடைத்தாலும் எந்த விமானம் என்பது நம் விருப்பம் மட்டுமன்று. பயிற்சியில் பெற்ற இடமும் படையின் தேவையும் சேர்ந்து அதை முடிவு செய்யும். போர் விமானம் கேட்டவருக்குச் சரக்கு விமானம் வரலாம். சரக்கு விமானம் கேட்டவருக்கு ஆளில்லா விமானம் வரலாம். நெவாடா மாநிலத்தில் லாஸ் வேகஸ் நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கிரீச் என்ற விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே அறைக்குள் அமர்ந்து, உலகின் மறுகோடியில் பறக்கும் விமானத்தை இயக்கிவிட்டு, மாலையில் வீட்டுக்குக் காரில் திரும்புகிறவர்களும் விமானிகள்தாம்.

ஆகவே படையைத் தேர்ந்தெடுப்பது என்பது விமானத்தைத் தேர்ந்தெடுப்பது அன்று. எவருடைய கட்டளைக்கு, எந்தக் காரியத்துக்கு நம்மைக் கொடுக்கிறோம் என்பதைத் தேர்ந்தெடுப்பது.

இங்கே சிலர், "சண்டைக்குப் போகாத படையாகப் பார்த்துச் சேரலாமே" என்பார்கள். கடலோரக் காவல்படை உடனே நினைவுக்கு வரும். 2005-இல் கத்ரீனா புயலின்போது அந்தப் படை 33,000 பேருக்கு மேல் காப்பாற்றியது. கூரைமேல் நின்றவர்களை ஹெலிகாப்டரில் தூக்கிய காட்சியை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அருமையான பணி. ஆனாலும் அது ஆயுதப்படைதான். போதைப்பொருள் கடத்தும் படகின் எஞ்சினை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு நிறுத்தும் பிரிவு அதற்கு உண்டு. போர்க்காலத்தில் குடியரசுத் தலைவர் உத்தரவிட்டால் அது கடற்படையின் கீழ் போகும். மற்றப் படைகளும் அழிப்பதை மட்டுமே செய்வதில்லை. நாம் நன்கறிந்த சுனிதா வில்லியம்ஸ் விண்வெளிக்குப் போகுமுன் கடற்படை ஹெலிகாப்டர் விமானி. வளைகுடாப் போருக்கு முந்தைய படைக்குவிப்பிலும் பறந்தார். 1992-இல் ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் நிவாரணப் பணிக்கும் போனார்.

இன்னும் கூர்மையான ஓர் உதாரணம். 2021 ஆகஸ்ட் மாதம் காபூல் நகரம். 15-ஆம் தேதி விமானப்படையின் சி-17 சரக்கு விமானம் ஒன்று 823 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அந்த மக்களை இறக்கிவிடாமல் பறக்க முடிவு செய்தார்கள் விமானக் குழுவினர். 29-ஆம் தேதி அதே நகரத்தில் அமெரிக்க ஆளில்லா விமானம் ஒன்று ஒரு காரைத் தாக்கியது. இறந்த பத்துப் பேரும் குற்றமற்றவர்கள். அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். அது தவறு என்று அடுத்த மாதம் ராணுவமே ஒப்புக்கொண்டது. ஒரே நாடு, ஒரே மாதம், ஒரே பிரமாணம். எந்த விமானக் குழுவில் நாம் இருப்போம் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

"எனக்குச் சரியென்று படும் போருக்கு மட்டும் போவேன்" என்று நிபந்தனை போடலாமா? அதற்கும் இடமில்லை. எல்லாப் போரையும் மனசாட்சியால் எதிர்ப்பவருக்கே விலக்கு உண்டு. ஒரு போரை ஏற்று மற்றொன்றை மறுப்பவருக்கு விலக்கு கிடையாது என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போடும் நாளில் இனி வரப்போகும் போர்களுக்கும் சேர்த்தே போடுகிறோம்.

அப்படியானால் இந்தத் தொழிலே கூடாதா? அவ்வளவு எளிதாக நான் சொல்லமாட்டேன். கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்த அதே வள்ளுவர், படைமாட்சிக்கும் படைச்செருக்குக்கும் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். துறவிக்குரிய அறம் வேறு, நாட்டுக்குரிய தேவை வேறு என்று அவர் அறிந்திருந்தார். மேலும் 1973 முதல் இந்த நாட்டில் கட்டாயப் படைச்சேவை கிடையாது. காவல் எல்லோருக்கும், காவலுக்குப் போவது யாரோ சிலருடைய பிள்ளைகள். "அவர்கள் பிள்ளை போகட்டும், நம் பிள்ளை டாக்டர் ஆகட்டும்" என்று நாம் மனதுக்குள் சொல்வது நேர்மைதானா? அந்தத் தந்தையாரையும் என்னையும் சேர்த்தே இதைக் கேட்கிறேன்.

அன்று உணவுக்கூடத்தில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் இன்னொருவர். மடைப்பள்ளியில் காய்கறி நறுக்க வரும் யாழ்ப்பாணத்து அம்மா. 1995-இல் வலிகாமத்தில் இருந்தவர். அந்த ஆண்டு ஜூலை 9 அன்று நவாலியில், அகதிகள் தங்கியிருந்த தேவாலயத்தின்மீது விமானத்திலிருந்து குண்டு விழுந்து ஏராளமானோர் மாண்டதை நம் வாசகர் பலர் அறிவார்கள். இன்றைக்கும் தாழப் பறக்கும் விமானச் சத்தம் கேட்டால் தம்மை அறியாமல் பதுங்குகுழியைத் தேடுவதாக அவர் முன்பு ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் தயிர்சாதம் வைத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்: "மேலே நிண்டு பாக்கேக்க, கீழே நிக்கிறது ஆரெண்டு உனக்குத் தெரியுமோ, பிள்ளை?"

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன விமானி ஒருவர் இருந்தார். ஹியூ தாம்ஸன், அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானி. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமில் மை லாய் என்ற ஊரின்மேல் பறந்தார். கீழே தம் நாட்டுச் சிப்பாய்களே பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொல்வதைக் கண்டார். சிப்பாய்களுக்கும் ஊராருக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். இந்த மக்களைச் சுட்டால் நம்மவரென்றும் பாராமல் திருப்பிச் சுடுங்கள் என்று தம் கூட்டாளிகள் இருவருக்கும் சொல்லிவிட்டு, ஒளிந்திருந்தவர்களை வெளியே அழைத்துவந்து காப்பாற்றினார். திரும்பி வந்து மேலிடத்திலும் முறையிட்டார். பல காலம் அவரைத் துரோகி என்றார்கள். அந்தச் செயலுக்கு உரிய விருது 30 ஆண்டுகள் கழித்து, 1998-இல்தான் வந்தது.

இந்தச் செய்தியை எண்ணும்போது எனக்கு இரண்டு தோன்றுகின்றன. ஒன்று, அப்படிப்பட்ட ஒருவர் அன்று அந்த ஹெலிகாப்டரில் இருந்தது நல்லதாயிற்று. மனசாட்சி உள்ள பிள்ளைகள் எல்லோரும் படையைவிட்டு விலகி நின்றால், அங்கே தடுக்க யார் இருப்பார்கள்? மற்றொன்று, அவர் கீழே பார்த்தார். பார்த்ததைப் பார்க்காததுபோல் போகவில்லை. படை அதிகாரி எடுக்கும் பிரமாணம் அரசியல் சட்டத்துக்கே, எந்தத் தலைவருக்கும் அன்று. சட்டத்துக்குப் புறம்பான கட்டளையை மறுப்பது அவர் கடமை. ஆனால் அந்த நேரத்தில் மறுக்கும் துணிவைப் பயிற்சிப் பள்ளி மட்டுமே தந்துவிடாது. அதைப் பிள்ளை வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு என் பதில் இது. "அம்மா, எந்த விமானம் என்று முதலில் பார்க்காதே. பறக்க முடியாமற் போனாலும் எந்தப் படையின் அன்றாட வேலையை மனம் கூசாமல் செய்வாயோ, அந்தப் படையைப் பார். அந்தப் படையில் பத்து ஆண்டு இருந்தவர் இரண்டு பேரிடமாவது பேசு. ஆள் சேர்க்கும் அலுவலகத்தோடு நிறுத்திவிடாதே. பறப்பது மட்டுமே உன் ஆசை என்றால், அப்பா சொல்வதுபோல் ஏர்லைன்ஸ் வழி கௌரவமான வழி. செலவு அதிகம், ஆனால் மனதில் பாரம் குறைவு. காவல் பணியும் சேர்ந்தே உன் ஆசை என்றால், அந்த அம்மா கேட்டதை மறக்காமல் போ."

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணீராலோ கோபத்தாலோ பிள்ளையைத் தடுத்தால், கையெழுத்துப் போட்ட பிறகுதான் நமக்குச் சொல்வார்கள். உட்கார வைத்து, என்ன செய்யச் சம்மதிப்பாய், எதை மறுப்பாய் என்று கேளுங்கள். அந்தப் பேச்சு நடந்த வீட்டிலிருந்து எந்தப் படைக்குப் போனாலும் பிள்ளை கொஞ்சம் பத்திரமாகவே போகும்.

அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. போன வாரம் வந்தபோது நேரே மடைப்பள்ளிக்குப் போய், அந்த அம்மாவோடு அமர்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் எந்த வழியில் போனாலும், அவள் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் நம் கோயிலில் அர்ச்சனை நடக்கும். அவளுக்கும், அவள் பறக்கும்போது கீழே நிற்பவர்களுக்கும் இறைவன் துணையிருப்பானாக.