தெரியாது என்று சொல்லாத கருவி

படப்பையில் ஒரு அறையில் எட்டு பேர் தங்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஒரகடத்துக்கு ஷிஃப்ட் போகிறவர்கள். ஒடிசா, பீகார், நம்ம திருவண்ணாமலைப் பையன்கள் எல்லாம் கலந்து. இந்த எட்டு போன்களும் எங்கே இருப்பதாக இணையம் நினைக்கிறது? பெரும்பாலும் சென்னை என்று சொல்லும், சில நேரம் வேறு ஏதாவது பெருநகரம். படப்பை என்று சரியாகச் சொல்லிவிட்டால் அது அதிர்ஷ்டம்தான். ஐபி முகவரி நிலத்தில் நட்ட கல் இல்லை. பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி, அதனால் செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பலருக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன. இடம் சொல்லும் தரவுத்தளங்கள் பதிவு விவரங்களையும் வேறு சில தடயங்களையும் வைத்து ஊகிக்கின்றன.

ஊகம் தப்பில்லை. எந்த மொழியில் பக்கத்தைக் காட்டுவது, எந்த ஊர் விளம்பரத்தைப் போடுவது என்பதற்கெல்லாம் அது போதும். சிக்கல், அந்த ஊகம் ஒரு எண்ணாக மாறும்போது வருகிறது.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனத்தின் தரவுத்தளத்துக்கு ஒரு முகவரி ‘அமெரிக்கா’ என்று மட்டும் தெரிந்து, ஊர் தெரியாமல் இருந்தால், நாட்டின் நடுவே ஒரு முழு எண் புள்ளியைக் கொடுத்துவிடும்: வடக்கு 38, மேற்கு 97. அந்தப் புள்ளி அந்த வீட்டுக்கு மேல் விழுந்தது. சுமார் 60 கோடி ஐபி முகவரிகள் அந்த ஒரே வீட்டைச் சுட்டின. பல வருடம் போலீஸ், மத்திய அதிகாரிகள், ஏமாந்தவர்கள், கோபக்காரர்கள் என்று யார் யாரோ கதவைத் தட்டினார்கள். 2016இல் பத்திரிகையாளர் கஷ்மீர் ஹில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நிறுவனம் புள்ளியை ஒரு ஏரிக்குள் தள்ளி வைத்தது.

நிறுவனம் சொன்ன பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது ஊர் அளவுக்குத்தான், வீட்டைக் கண்டுபிடிக்க என்று நாங்கள் எப்போதும் சொன்னதில்லை என்றார்கள். உண்மைதான். ஆனால் விளக்கக் குறிப்பை யார் படித்தார்கள்? வந்தவர்கள் கையில் இருந்தது எண் மட்டும்.

இப்போது இதே கருவிகளைச் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டுகளுக்காக எழுதுகிறார்கள். ஆயிரம் முகவரிகளை ஒரே மூச்சில் கொடுத்தால் ஆயிரம் இடங்கள் திரும்பி வரும். அதற்கு ஆவணம் எழுதுகிறவருக்கு ஒரு புது வாசகர் கிடைத்திருக்கிறார். விளக்கத்தை முழுசாகப் படிப்பவர். (எழுதுகிற எங்களுக்கு இது கொஞ்சம் சந்தோஷம்கூட.) ஆனால் கதவைத் தட்டும் முன், "இவ்வளவு பேரும் ஒரே வீட்டிலா?" என்று முகம் சுளிக்கும் பழக்கம் அவரிடம் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அந்தச் சந்தேகத்தையும் நாமேதான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதினால் போதுமா என்றால், போதாது என்றே நினைக்கிறேன். ஒரு ஏஜென்ட் தன் விடையை அடுத்ததற்குக் கைமாற்றும்போது ‘துல்லிய ஆரம் 200 கிலோமீட்டர்’ என்ற வரி நடுவழியில் உதிர்ந்துவிடலாம், அட்சரேகை மட்டும் போய்ச் சேரும். குறிப்பில் எச்சரித்துவிட்டு விடையில் புள்ளியைக் கொடுப்பதற்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது, கை கழுவுதல். ஊர் தெரியாதென்றால் அந்த இடம் காலியாகத் திரும்ப வேண்டும்.

"அப்படிப் பண்ணினா கஸ்டமர் போயிடுவான்டா" என்றான் நண்பன். அதுவும் நிஜம். பக்கத்துக் கடைக்காரன் எப்போதும் ஒரு ஊரைச் சொல்கிறான், நம்முடையது மட்டும் தெரியாது என்கிறது. வாங்குகிறவருக்கு இது குறையாகத்தான் தெரியும்.

என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு: 2007இல் ஆர்குட்டில் சிவாஜி மகாராஜாவை அவமதிக்கும் படம் ஒன்றுக்காக, பெங்களூருவில் ஒரு மென்பொருள் ஊழியரைப் புனே போலீஸ் கைது செய்தது. ஏர்டெல் கொடுத்த ஐபி விவரம் தவறானது. அவர் 50 நாள் சிறையில் இருந்தார். அது தரவுத்தள ஊகம்கூட இல்லை, நிறுவனத்தின் சொந்தப் பதிவேடு. அதற்கே இந்த நிலை.

படப்பை அறைக்கு வருவோம். ஆதாரில் ஒடிசா விலாசம், ஐபியில் ஏதோ ஒரு பெருநகரம். இரண்டும் பொருந்தவில்லை என்று ஒரு ஏஜென்ட் அந்தப் பையனின் வாலட்டை நிறுத்தி வைத்தால், சம்பள நாளில் ஊருக்குப் பணம் போகாது. அவனுக்கு நம்முடைய ஆவணத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அவன் நமக்கு வாடிக்கையாளரும் இல்லை. ஆனால் நாம் எழுதும் வாக்கியம் யார் மேல் விழுகிறதோ, அவருக்குத்தான் நம் கடன் முதலில் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலியாக விட்டாலும் வேலை முடியாது. காலி இடத்தைப் பார்த்தால் தானே ஒரு ஊரைப் போட்டு நிரப்பிவிடும் ஏஜென்ட்டும் உண்டு. அதனால் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: இடம் காலியாக இருந்தால் ஊகிக்காதே, இதை வைத்து யாருடைய கணக்கையும் நிறுத்தாதே, ஒரு மனிதரிடம் கேள். ராத்திரி ரெண்டு மணிக்கு, நைட் ஷிஃப்ட் இடைவேளையில் அந்தப் பையன் பணம் அனுப்பப் பார்க்கும்போது, அந்த மனிதர் யார், எங்கே உட்கார்ந்திருப்பார் என்பதை ஆவணத்தில் எந்தப் பகுதியில் எழுதுவது?