வேறுபட்ட ஜீவியம்

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள சபைகளில் ஒரு விசுவாசிக்குச் சொல்லப்படும் முதல் புத்தி, உலகத்தாரைப் போல நடக்காதே என்பது. அதைக் கேட்டே வளர்ந்தேன். அது சரியான புத்தி என்று இன்றும் நம்புகிறேன். எதில் வேறுபட்டு நிற்பது என்பதைத்தான் இந்தக் குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன்.

*

காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் பெண்களைத் தூரத்திலிருந்தே தெரியும். வெள்ளைப் புடவை, பொட்டில்லாத நெற்றி, நகையில்லாத கழுத்து. 1920களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் இந்த வழியில் இன்னும் தூரம் போனது. அதன் ஊழியர்கள் மணம் செய்யாமல், தங்களுக்கென்று சொத்தில்லாமல், விசுவாச வீடுகளில் ஒன்றாக வாழ்கிறார்கள். தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் அதன் தலைமையிடம் இருக்கிறது.

நகையைக் கழற்றுவதை லேசாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணின் கழுத்தில் கிடப்பது வெறும் அலங்காரம் இல்லை. படகு இன்ஜின் பழுதானால், பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டி வந்தால், நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், சேட்டுக் கடையில் கொண்டுபோய் வைக்க அவளிடம் இருக்கும் ஒரே பொருள் அது. அதையும் கொடுத்துவிட்டு வெறுங்கழுத்தோடு நிற்கிறவள், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதைத் தன் உடம்பாலேயே சொல்கிறாள். அவள் மகளுக்கும் பேத்திக்கும் அதுவே சபை ஒழுங்காக வந்து சேர்கிறது. அவர்கள் எதையும் இழக்காமலேயே வேறுபட்டவர்களாகத் தெரிகிறார்கள். அவர்கள் கொடுக்க வேண்டிய விலை வேறெங்கோ இருக்கிறது. அதை யாராவது அவர்களுக்குக் காட்டித் தரவேண்டும்.

*

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகர், கப்பலையும் செல்வத்தையும் உதறிவிட்டு ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் இந்தக் கரையில் அடங்கினார் என்பார்கள். விட்டுப் போகிறவரை இந்த மண் என்றும் கைகூப்பியே பார்த்திருக்கிறது. கிறிஸ்தவத்திலும் அந்த வழி உண்டு. எகிப்து நாட்டு அந்தோணியார் இருந்ததையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வனாந்தரத்துக்குப் போனவர்.

அங்கிருந்து தெற்கே வந்தால் ராயபுரம். துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலைகளைத் தாண்டிப் போய் ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவர்கள் படகுக்காரர்கள். அவர்கள் எழுப்பிய ராயப்பர் கோயில் இங்கே இருக்கிறது. கத்தோலிக்கர் பேதுருவை ராயப்பர் என்பார்கள். ஊருக்கும் அவர் பெயர்தான்.

பேதுருவும் வலையை விட்டுப் போனவர். ஆனால் அவர் தடுக்கி விழுந்த இடம் வனாந்தரம் இல்லை. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றம். குளிருக்குக் கரி மூட்டி வேலைக்காரர்களும் சேவகர்களும் சுற்றி நின்றார்கள்; அவரும் சேர்ந்து நின்று குளிர்காய்ந்தார். யாரும் அவரை அடிக்கவில்லை. ஒரு வேலைக்காரப் பெண் கேள்விதான் கேட்டாள். கூட்டத்தில் ஒருவனாகக் கலந்துவிடப் பார்த்தவரை அவருடைய கலிலேயாப் பேச்சு காட்டிக்கொடுத்தது.

சுவிசேஷத்தில் நான் அதிகமாகத் தங்கியிருக்கும் பகுதி இதுதான். நாமும் டீக்கடை பெஞ்சிலும், ஷிப்ட் மாறும் நேரத்துக் கம்பெனி வாசலிலும்தான் இயேசுவை மறுதலிக்கிறோம். வேறு சாதிக்காரனைப் பற்றி ஒருவன் சொல்லும் அசிங்கமான பேச்சுக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுகிறோம். கான்ட்ராக்ட் பையன் ஒருவன் மேல் சூப்பர்வைசர் கை நீட்டும்போது போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். குளிர்காயும் இடத்தை இழக்க யாருக்கும் மனம் வருவதில்லை. உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவைக் கடற்கரையில் சந்தித்தபோதும் அங்கே கரிநெருப்பு இருந்தது. அதன்மேல் மீன் இருந்தது. நெருப்போரம் விழுந்தவரை நெருப்போரத்திலேயே அவர் எழுப்பி நிறுத்தினார்.

*

இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் ஒரு கிரேக்க மடல் உண்டு. எழுதியவர் பெயர் கிடையாது. தியோக்னேத்து என்பவருக்கு எழுதியது. கிறிஸ்தவர்களுக்குத் தனி ஊரில்லை, தனி மொழியில்லை, உடுப்பதும் உண்பதும் அந்தந்த ஊர் வழக்கப்படிதான் என்று அது சொல்கிறது. அப்படியிருந்தும் அவர்கள் வாழும் விதம் வியப்பாக இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறது. மற்றவர்களைப் போலவே அவர்களும் பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் பெற்ற பிள்ளையை வெளியே போட்டுவிடுவதில்லை. வேண்டாத சிசுவைத் தெருவில் விட்டுவிடுவது ரோம உலகில் சாதாரணமாக இருந்தது. அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களின் அடையாளத்தைத் தேடுகிறவர் துணியைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. தொட்டிலைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

*

எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் டேலி கிளார்க். கன்டெய்னர் பெருகாத காலம். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறிப்பது அவர் வேலை. கணக்கில் குறைவதும் கூடுவதும் அந்தப் பென்சில் முனையில் இருந்தது. செக்‌ஷனில் மாமூல் பங்கு பிரியும், அவர் வாங்கமாட்டார்.

வாங்காதவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வாங்குகிறவர்களுக்குக் கை கூசும். முதலில் கேலி செய்தார்கள். பிறகு நைட் ஷிப்டாகவே போட்டார்கள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் அவர் மேடையில் சாட்சியாகச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. பங்கு வாங்கியவர்களில் ஒருவர் மாட்டிக்கொண்டு சஸ்பெண்ட் ஆனபோது, மாதாமாதம் அந்த வீட்டுக்கு அரிசி போயிருக்கிறது. பெரியவரின் அடக்க ஆராதனையில் அந்த வீட்டு மகன் எழுந்து நின்று அழுதபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

மற்றவர்களைப் போல நான் இல்லை என்று ஆலயத்தில் நின்று ஜெபித்த பரிசேயனை நினைத்துக்கொள்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. உபவாசம் இருந்தான், தசமபாகம் கொடுத்தான். அவன் ஜீவியமும் வேறுபட்டதுதான். தூரத்தில் தலைகுனிந்து நின்ற ஆயக்காரன் வீட்டில் அன்றிரவு அரிசி இருந்ததா என்று மட்டும் அவனுக்குத் தெரியாது. எங்கள் பெரியவருக்குத் தெரிந்திருந்தது.

*

ஆடி மாதம் பக்கத்து வீட்டு அக்கா அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. தெருவே வாங்கிக் குடிக்கும். படைத்ததை உண்ணலாமா என்ற கேள்விக்குப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய பதில் நீளமானது. விக்கிரகத்தில் ஒன்றுமில்லை என்று அறிந்தவனும், இன்னொருவரின் மனசாட்சி புண்படும் என்றால் விலகிக்கொள்ளட்டும் என்கிறார். என் அம்மாவுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. வாங்கமாட்டார், முகம் கோணாமல் மறுக்கவும் தெரியாது. அதனால் ஆடி ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும்.

ஒரு வருடம் அக்கா தூக்குச்சட்டியோடு வந்து கதவைத் தட்டினார்.

"படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன்மா. பயப்படாம குடிங்க."

அதற்குப் பிறகு கதவு சாத்தப்படவில்லை. கிறிஸ்துமஸ் நேரத்தில் அவர்கள் வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள் என்பதால், அம்மா அவர்களுக்கென்று முட்டை சேர்க்காத கேக்குக்குத் தனியாகச் சொல்லி வைப்பார். எங்கள் விசுவாசத்தின் எல்லையைக் கதவைச் சாத்திக் காப்பாற்ற நினைத்தோம். அதை எங்களைவிட அழகாகக் காப்பாற்றியவர் அந்த அக்கா. தன் வழியில் நிற்கும் ஒருவருக்குப் பக்கத்து வீட்டாரின் பெருந்தன்மையும் வேண்டியிருக்கிறது. இதை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

*

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய வியாபாரம். இருட்டிலேயே ஏலம் தொடங்கிவிடும். விடிவதற்குள் நகரம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரி என்பதைக் கூடைக்காரப் பெண் எப்படி எடுத்துக்கொள்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வரத்து சுருங்கும், அவள் வருமானமும் சுருங்கும். மீதி வாரங்களின் ஞாயிறுகளையும் விட்டுவிடு என்று சொல்ல, மாதச் சம்பளக்காரனான எனக்கு வாய் வரவில்லை.

நான் வாடிக்கையாக வாங்கும் அம்மா மாலை ஆராதனைக்கு வருகிறவர். ஒருநாள் வஞ்சிரத்தின் மேல் நான் கை வைத்ததும் தடுத்தார். "அது நேத்து ஐஸ்ல வச்சது தம்பி. கொழம்புக்கு நல்லா இருக்காது. சங்கரா எடுத்துக்கோ, இப்பதான் எறங்குச்சு." விலையில் எவ்வளவு வித்தியாசம் என்பது மீன் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அவர் அந்த நேரத்தில் ஆலயத்தில் இல்லை என்பது உண்மை. தேவசமுகத்தில் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

*

1888இல் மெட்ராஸுக்கு வந்தவர் டாக்டர் மெட்டில்டா மக்ஃபெயில். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்தவர். ஆண் டாக்டரிடம் போகாமலேயே வீட்டுக்குள் செத்துக்கொண்டிருந்த பெண்களுக்காகச் சின்ன மருந்தகமாகத் தொடங்கினார். 1914இல் அது கிறிஸ்டினா ரெய்னியின் பெயரில் ராயபுரம் பக்கத்தில் ஆஸ்பத்திரியாக எழுந்தது. ரெய்னி ஆஸ்பத்திரி என்றால் இன்றும் ஆட்டோக்காரர் வழி கேட்கமாட்டார். முதல் உலகப்போரில் செர்பியாவுக்குப் போய்ப் போர்முனை ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு மறுபடி இங்கேதான் திரும்பினார். அவர் உலகத்தைவிட்டு வேறுபட்டு வாழ்ந்தவரா என்று கேட்டால், பிரசவ வார்டைவிட உலகத்துக்குள்ளே இருக்கும் இடம் வேறெது?

இன்னொருவர் வி. சக்கரைச் செட்டியார். கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1903இல் ஞானஸ்நானம் பெற்று, வக்கீலாகி, பிறகு டேனிஷ் மிஷனில் சுவிசேஷம் சொன்னவர். அவரும் அவருடைய மைத்துனர் பி. செஞ்சையாவும், மிஷன் காம்பவுண்டுக்குள் தனிச் சமூகமாக ஒதுங்குவதை விசுவாசத்தின் வளர்ச்சியாக ஏற்கவில்லை. 1938இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு நடக்க இருந்த வேளையில், இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிக்கச் சொல்லும் நூல் ஒன்றை அவர்கள் குழு வெளியிட்டது. செட்டியார் காங்கிரஸில் இருந்தார், மெட்ராஸின் தொழிற்சங்கங்களில் இருந்தார், 1941இல் மேயரானார், ஏஐடியுசியின் தலைவராகவும் இருந்தார். அதே மனிதர் சிலுவையைப் பற்றித் தியானித்துப் புத்தகம் எழுதினார். அவர் இறையியலில் எனக்கு ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. ஆனால் கூலிக்காரர் நடுவே நின்றபடி சிலுவையைப் பார்த்தவர் என்பதால் அவரை விட்டு நகர முடியவில்லை. எங்கள் மேடைகளில் அவர் பெயர் வருவதேயில்லை. அது எங்களுக்குத்தான் நஷ்டம்.

*

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும் அதை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு, பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, கண்ணும் தொண்டையும் எரிய, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள்.

அந்த வருடக் கடைசியில், உலகத்தின் அசுத்தத்துக்கு விலகி வாழ வேண்டும் என்று உருக்கமாக ஜெபித்தோம். சினிமாவும் குடியும் அசுத்தம் என்றோம். கழிமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. யாக்கோபின் நிருபத்தில், அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. அறுத்தவர்களின் கூக்குரல் கர்த்தருடைய செவிக்கு எட்டியது என்றும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எத்தனை கம்பெனி வாசலில் கான்ட்ராக்ட் கூலி அப்படி நிற்கிறது! பிடித்து வைக்கிறவர்களில் நம்மவர்களும் உண்டு. நம்முடைய தசமபாகப் பெட்டியில் அந்தக் கூலியும் விழுகிறது.

எங்கள் சபையில் ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார். ஆலயத்தின் முன்மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தவர்; ஜெபத்திலும் உண்மையுள்ளவர். அவரிடம் வேலை செய்யும் ஒடிசாப் பையன்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. நான்கு பேர் போன ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் வந்து நின்றார்கள். வாட்ச்மேன் அவர்களை அனுப்பிவிட்டார். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. போதகரிடம் சொன்னேன்; இது சபைக் காரியமா என்று யோசிக்கிறார். சபைக் காரியம்தான் என்றேன். சனிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போகிறோம். பையன்களின் பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் வரவேண்டிய நாள் கணக்கையும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.