போர் எதிர்ப்பும் அயலார் அறமும்

சங்கப் புறப்பாடல்கள் யாவும் போரின் புகழ் பாடுவன என்று கொள்ளும் வழக்கம் தமிழ் பயில்வோரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வழக்கத்துக்கு அடங்காத சில பாடல்கள் உரிய கவனத்தைப் பெற்றனவல்ல. சோழர் குடியினரான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முட் பகைத்து நின்ற காலத்திலே, எவர் தோற்பினும் தோற்பது அவர்தம் பொதுக் குடியே என எடுத்துரைத்துப் போரை விலக்க முயன்றவர் கோவூர்கிழார். அப்பாடல் புறநானூற்றிலே 45ஆவதாக அமைந்துள்ளது. 47ஆம் பாடலின் பின்னணி இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, நெடுங்கிள்ளி ஒற்றன் எனக் கருதிக் கொல்லத் துணிந்தான். புலவன் பகைவன் பக்கத்திலிருந்து வந்தவன். அவன்மீது கொண்ட ஐயத்துக்கு அதுவே போதுமானதாயிற்று. கோவூர்கிழார் இடைபுகுந்து, பரிசில் பெற்று வாழ்வோர் பிறர்க்குத் தீங்கு எண்ணாதவர் என வாதாடி அவனுயிரைக் காத்தார். கொல்லப்படவிருந்தவன் தன் பொருட்டு என்ன கூறினான் என்பது பாடலில் இல்லை. அவன் கூற்றை எவரும் நம்பியிரார் என்பது வெளிப்படை.

ஐயத்துக்கு உள்ளானவன் தன் பொருட்டுப் பேச இயலாத நிலையில், அப்பேச்சு எவருடைய கடமையாகின்றது? போர் நடைபெறும் நகரமொன்றிலே இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

2007ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆந் திகதி விடியுமுன், கொழும்பிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்த லொட்ஜுகளுக்குப் பொலிசாரும் படையினரும் சென்றனர். அங்கு தங்கியிருந்த தமிழர் தம் உடைமைகளை எடுத்துக்கொண்டு புறப்படும்படி பணிக்கப்பட்டனர். அதற்கு வழங்கப்பட்ட அவகாசம் மிகச் சொற்பம். 291 ஆண்களும் 85 பெண்களுமாக 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் கிழக்கு மாகாணத்துக்கும் அனுப்பப்பட்டனர். தக்க காரணமின்றிக் கொழும்பிலே தங்கியிருப்போர் என்பதே அவர்களைப் பற்றிய உத்தியோகபூர்வமான விளக்கம். லொட்ஜுகளின் வாழ்வை அறிந்தோர்க்குக் காரணங்கள் புதியனவல்ல. கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்தோர், பெரிய ஆஸ்பத்திரியிலே சிகிச்சைக்கு வந்தோர், வெளிநாட்டு வேலைக்கு முகவரிடம் பணம் கட்டியோர், 2006 ஆகஸ்டிலே முகமாலைப் பாதை மூடப்பட்டபின் ஊர் திரும்ப இயலாதோர், ஊரிலே உயிருக்கு அஞ்சி வந்தோர் ஆகியோரே அங்கு அறை எடுத்துத் தங்குவோர். ஆறு மாதம் ஓர் அறையில் இருந்தவனுக்கு அவ்வறை வீடன்று. ஆயின் அவனுக்கு அப்பொழுது வேறு வீடும் இருக்கவில்லை.

மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவின்மீது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. நாட்டினுள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வதியவும் ஒவ்வொரு பிரசைக்கும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உரிமை அளிக்கின்றது. 10ஆந் திகதி, பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க நடந்ததற்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்ஷவோ அந்நடவடிக்கையை நியாயப்படுத்தினார். கைதுசெய்து தடுத்து வைப்பதிலும் ஊருக்கு அனுப்புவது மேல் என்பது அவர் வாதம். அனுப்பப்பட்டோரிற் பலர் மீண்டும் பஸ்களில் ஏறிக் கொழும்பு வந்தனர்.

ஈண்டு ஒரு சட்ட நுணுக்கம் கருதத்தக்கது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, உரிமை மீறப்பட்டவர் தாமே, அல்லது தம் சார்பில் ஒரு சட்டத்தரணி வாயிலாக, ஒரு மாதத்துள் மனுச் செய்யவேண்டும் என்கின்றது. பாதிக்கப்பட்டவர் பேச வல்லவர் என்பது இவ்விதியின் உட்கிடை. யூன் 7ஆந் திகதி காலையிலே அவர்கள் வவுனியாவை நோக்கிய பஸ்களில் இருந்தார்கள். அவர்களுக்காக நீதிமன்றம் சென்றது, அவர்களுள் எவரும் அமர்த்தாத ஒரு நிறுவனம். உறையூரிலே நிகழ்ந்ததும் அஃதே.

இந்நிகழ்வு தனித்து நின்றதன்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் அதன்மீதான அடக்குமுறையும் குடியியல் உரிமைகள் இயக்கத்தின் தோற்றத்துக்கு வழிகோலின. 1979இலே பயங்கரவாதத் தடைச்சட்டமும் யாழ்ப்பாணத்து அவசரகால நிலையும் வந்தபோது, இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் உருவாயிற்று. போல் கஸ்பர்ஸ் அடிகளார், சாள்ஸ் அபயசேகர ஆகியோர் அதற்குத் தலைமை தாங்கினர். சரிநிகர் என்னும் பத்திரிகை 1990இல் அவ்வியக்கத்தின் வாயிலாகவே கொழும்பிலிருந்து வெளிவரலாயிற்று. எண்பதுகளிலே பெண்கள் அமைப்புகள் போர் நிறுத்தம் கோரிக் கையொப்பம் திரட்டின. பின்னர் சிறிதுங்க ஜயசூரிய, விக்கிரமபாகு கருணாரத்ன போன்ற இடதுசாரிகளும், கொழும்புத் தமிழரின் பிரதிநிதியான மனோ கணேசனும், கடத்தப்பட்டோரின் குடும்பத்தாருடன் வீதிக்கு வந்தனர். கோட்டைப் புகையிரத நிலைய முன்றிலிலும் லிப்டன் சுற்றுவட்டத்திலும் மும்மொழிப் பதாகைகளுடன் நின்றோர் பெரும்பாலும் சில நூறு பேரே. இக்கூட்டங்கள் தாக்குதலுக்கும் உள்ளாயின. 2006 ஆகஸ்டிலே தேசிய யுத்த எதிர்ப்பு முன்னணி நடத்திய கூட்டத்திலே, போரை ஆதரித்த பிக்குமார் மேடையேறக் கைகலப்பு மூண்டது. பிக்குமார் இரு பக்கத்திலும் இருந்தனர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இவ்வெதிர்ப்புகளால் போர் நிற்கவில்லை. 2009 மே மாதத்திலே அது தன் வழியிலேயே, முள்ளிவாய்க்காலில் முடிவுற்றது. ஆகவே, பயனற்ற எதிர்ப்புக்கு அறப் பெறுமதி யாது என்னும் கேள்வி எழுவது இயல்பு. பயனைக் கொண்டே செயலை அளப்போர், எதிர்த்தோர் தம் மனச்சாட்சியைத் தேற்றிக்கொண்டார்கள், அவ்வளவே என்பர். இக்கூற்றிலே ஓரளவு உண்மை உண்டு. சர்வதேச நிதியில் நடந்த சமாதானக் கருத்தரங்குகளைக் கண்டோர் அதனை மறுக்கமாட்டார். எனினும், போரை நடத்துவோர் எப்பொழுதும் ‘மக்கள்’ என்னும் சொல்லைத் தமக்கு உரித்தாக்கிக்கொள்கின்றனர். கோட்டை நிலையத்தின்முன் நின்ற இருநூறு பேர் போரை நிறுத்தவில்லையாயினும், அச்சொல்லை முழுமையாகப் பறிகொடுக்க மறுத்தனர். வெள்ளவத்தை லொட்ஜிலே கதவு தட்டப்படும் ஓசைக்குக் காத்திருந்தவனுக்கு, நகரம் முழுவதும் தனக்கு எதிராக இல்லை என்று அறிவது சிறு பொருளன்று.

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் கனமானது. குண்டு கற்பனையன்று. 1996 ஜனவரி 31ஆந் திகதி மத்திய வங்கிமீது நடந்த தாக்குதலிலே 91 பேர் மாண்டனர். அதே ஆண்டு யூலையிலே தெகிவளையில் புகையிரதத்தினுள் வெடித்த குண்டுகளுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பலியாயினர். அது கரையோரப் பாதையிலே வேலை முடிந்து வீடு திரும்புவோரை ஏற்றிச்செல்லும் வண்டி. அப்பிரயாணிகளுக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு. அவர்களைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. இதனை ஏற்காத போர் எதிர்ப்பு, எதிர்ப்பென்னும் பெயருக்கு உரியதன்று. ஆயினும் காப்பது என்பது குற்றவாளியைத் தேடுவதாகும். 376 பேரைப் பிறந்த ஊரால் தெரிந்தெடுத்து ஏற்றியனுப்புவது தேடலைக் கைவிட்டதற்கு அடையாளம். நெடுங்கிள்ளிக்கும் ஒற்றர் பற்றிய அச்சம் பொய்யாக இருந்திராது.

மூன்றாவது வினா தமிழரை நோக்கியது. அதனாலேயே தமிழ் மேடைகளில் அரிதாகக் கேட்கப்படுவது. 1990 ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களுக்கும் கூறப்பட்டது பாதுகாப்புக் காரணமே. அவ்வியக்கத்தார் வருத்தம் தெரிவித்தது 2002ஆம் ஆண்டில். லொட்ஜுத் தமிழருக்கு வருத்தம் மூன்று நாளில் வந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிமுக்குப் பன்னிரண்டு ஆண்டு சென்றது. இரண்டையும் ஒரே தராசில் இட்டுச் சமன் காட்டுவது நோக்கமன்று. ஒன்றில் அரசு தன் பிரசைகளுக்குச் செய்தது, மற்றதில் ஆயுத இயக்கம் தன் அயலாருக்குச் செய்தது. கேள்வி எதிர்ப்பைப் பற்றியது. 1990இலே யாழ்ப்பாணத்துத் தமிழர் சிலர் கண்ணீருடன் அயலாரை வழியனுப்பினர். பகிரங்கமாகப் பேச இயலவில்லை. பேசியோர்க்கு நேர்வது யாது என்பதை, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைச் சேர்ந்த ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி சுடப்பட்டு மாண்டதிலிருந்து ஊரறிந்திருந்தது.

ஆகவே, அயலாருக்காகப் பேசும் கடமை இனத்தால் ஒரு சாராருக்கு விதிக்கப்பட்டதன்று. கொழும்பிலே சிங்களவருக்கு இருந்த ஒப்பீட்டளவிலான பாதுகாப்பு, யாழ்ப்பாணத்திலே தமிழருக்கு இருந்தது. ஆபத்து குறைந்தவனிடம் பொறுப்பு கூடுகின்றது. ஊர் மாறினால் ஆளும் மாறுகின்றான். வெள்ளவத்தையிலே இது இன்னும் நெருங்கி வந்தது. சொந்த வீட்டிலே பல்லாண்டு வாழ்ந்த தமிழர் சிலர், பொலிஸ் பதிவின் தொல்லைக்கு அஞ்சி, வடக்கிலிருந்து வந்த இளைஞருக்கு அறை கொடுக்கத் தயங்கினர். அவர்களைக் கடிந்துரைப்பது எளிது. பதிவுப் படிவத்திலே தம் பெயரையும் எழுதவேண்டியிருந்தோர் அவர்கள்.

பேசும் கடமையும் பேசுவதன் விலையும் எல்லார்க்கும் ஒன்றல்ல என்பதற்கு நடராஜா ரவிராஜ் சான்று. யாழ்ப்பாண மாநகர முதல்வராகவும் பின்னர் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர், தொலைக்காட்சியிலே சிங்களத்தில் விவாதித்துச் சிங்கள மக்களிடம் நேரே பேசியவர். வாகரைப் பகுதியிலே இடம்பெயர்ந்தோர் எறிகணைக்குப் பலியானதைக் கண்டித்து, 2006 நவம்பர் 9ஆந் திகதி கொழும்பு ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் முன்னே நடந்த ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டார். மறுநாட் காலை நாரஹேன்பிட்டியிலே, தம் பாதுகாப்புக்கு நியமிக்கப்பட்ட சிங்களப் பொலிஸ்காரருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் அவருக்காகக் கொழும்பு வீதிகளில் இறங்கியோருட் சிங்களவரும் இருந்தனர். அவர்கள் பேசியது அவருக்குப் பதிலாகவன்று. அவரே பேசியிருந்தார், அவர்கள் அப்பேச்சைத் தொடர்ந்தனர். பிறர் பொருட்டுப் பேசுவோர் பாதிக்கப்பட்டோரை ஊமையராக்குகின்றனர் என்னும் குற்றச்சாட்டு, பல பிரசுரங்களுக்குப் பொருந்தும், இவ்வூர்வலத்துக்குப் பொருந்தாது.

நீதிமன்றத் தடையுத்தரவின் பின்னும் ஐயம் நீங்கவில்லை. 2008 செப்டெம்பர் 21ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, முந்திய ஐந்து ஆண்டுகளுள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்த யாவரும் பொலிசாரிடம் பதிவு செய்யும்படி பணிக்கப்பட்டனர். வெளியேற்றம் தடுக்கப்பட்டது, கணக்கெடுப்புத் தடுக்கப்படவில்லை. 2007 யூன் மாதத்திலே திரும்பி வந்தோருட் சிலரும் அவ்வரிசைகளில் நின்றிருத்தல் கூடும். வேறு சிலர் கொழும்புக்கு மீளவேயில்லை. காப்பாற்றப்பட்ட இளந்தத்தன் அதன்பின் உறையூரிலே தங்கினானா, வந்த வழியே போனானா என்பதையும் பழைய குறிப்பு கூறவில்லை.