அமானிதம் யார் கையில்?

திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய ஒரு குறுக்கு வீதியில் குடியிருக்கும் தாயொருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்திருந்தார். அவருடைய மூத்த மகன் 'ஐஸ்' எனப்படும் போதைப்பொருளுக்கு அடிமையாகி இரண்டு வருடங்களாகின்றன. வீட்டிலிருந்த மின்விசிறியிலிருந்து தையல் இயந்திரம் வரை ஒவ்வொன்றாக விலைபோய்விட்டன. மகனுக்கு அதை விற்பவன் யார், எந்த நேரத்தில் எந்த மதிலோரம் நிற்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "பொலிஸில் போய்ச் சொல்லலாமே" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சேர், நான் போய்ச் சொன்னா, சொன்னது இன்னார்தான் எண்ட கதை அவங்கட காதுக்குப் போகாதெண்டு நீங்க பொறுப்பெடுப்பீங்களா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. தீமையைக் கண்டவர் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். ஆனால், சொல்ல வேண்டிய இடத்தை நம்ப முடியாதபோதும் அந்தக் கடமை அப்படியே இருக்கிறதா? அந்தத் தாயின் கேள்விக்குள் இருந்தது இந்த அறக்கேள்விதான்.

அமானிதம் என்பது எமது வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல். பயணம் போகிறவர் பக்கத்து வீட்டில் ஒப்படைக்கும் நகை அமானிதம். நம்பிச் சொன்ன இரகசியமும் அமானிதமே. யோசித்துப் பார்த்தால், போதைப்பொருள் ஒழிப்பு என்னும் முழு முயற்சியும் இரண்டு அமானிதங்களின் மீதுதான் நிற்கிறது. ஒன்று, தகவல் சொன்னவரின் பெயர். மற்றது, கைப்பற்றப்பட்ட பொருள்.

பொருளை முதலில் எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகம் இருப்பது எமது துறைமுகத்தில்தான். மக்ரான் கரையிலிருந்து புறப்படும் கலங்கள் நடுக்கடலில் வைத்து இலங்கையின் நெடுநாள் மீன்பிடிப் படகுகளுக்குச் சரக்கை மாற்றுவதும், கடற்படை அவற்றை மடக்கிப் பிடிப்பதும் பல வருடங்களாகச் செய்தியாகிவரும் விடயங்கள். பிடிபட்ட பொதி கடற்படையிடமிருந்து பொலிஸுக்கும், அங்கிருந்து அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடமும், கடைசியில் நீதிமன்றத்துக்கும் போகிறது. நாங்கள் காண்பது பத்திரிகையில் வரும் படத்தை மட்டுமே. அதற்குப் பிறகு அது எத்தனை கைகள் மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் நிறை குறையாமல் இருக்கிறதா என்பது எங்கள் கண்ணுக்கு அப்பாற்பட்டது.

அந்த அமானிதம் எப்படி மோசம் போகலாம் என்பதை 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாடே கேள்விப்பட்டது. பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தைச் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்டோரைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைது செய்தது. கைப்பற்றிய ஹெரோயினில் ஒரு பகுதியை மீண்டும் வியாபாரிகளுக்கே விற்றார்கள் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. வேலியே பயிரை மேய்ந்த கதை என்றார்கள். என் மனதுக்கு அது அதையும் விடப் பாரதூரமானது. வேலி மேய்ந்தால் பயிர்தான் போகும். இங்கோ, வேலியை நம்பித் தகவல் சொன்னவரின் உயிரும் சேர்ந்து பணயமாகிறது.

இது எமது நாட்டுக்கு மட்டும் வந்த நோயல்ல. நியூயோர்க் பொலிஸின் சான்றுப்பொருள் களஞ்சியத்தில் பூட்டி வைத்திருந்த நூறு கிலோவுக்கும் அதிகமான போதைப்பொருள் காணாமற் போயிருப்பது 1972இல் தெரியவந்தது. ஹெரோயின் இருக்க வேண்டிய பைகளில் மாவு இருந்தது. அதில் பூச்சி பிடித்ததால்தான் களவு வெளிப்பட்டதாகச் சொல்வார்கள். மனிதர் காணத் தவறியதைப் பூச்சி கண்டுபிடித்திருக்கிறது.

எமது சட்டம் இந்தக் களவை இன்னும் ஆபத்தானதாக்குகிறது. 1984இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி இரண்டு கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். 2022ஆம் ஆண்டின் திருத்தம் ஐந்து கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஐஸையும் இதற்குள் கொண்டுவந்தது. 1976க்குப் பிறகு இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஓர் இளைஞன் சில வருடங்களில் வீடு திரும்புவதற்கும் சிறையிலேயே முதுமையடைவதற்கும் இடையில் நிற்பது ஒரு கிராமாக இருக்கலாம். ஒரு கிராமைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்த கை, ஓர் ஆயுளை விலை பேச முடிந்த கை. தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று மேடைகளில் முழங்குவோர், தண்டனை கடுமையாகும் அளவுக்கு அந்த ஒரு கிராமின் விலையும் ஏறுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி மற்ற அமானிதம், சொன்னவரின் பெயர். இந்த மாவட்டத்தில் அந்தத் தாயின் அச்சத்தை வீண் பயம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும், போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அச்சத்தால் நாட்டை விட்டே போயிருந்தார்கள். சாட்சிகளைப் பாதுகாக்கவென்று 2015இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023இல் இன்னொரு சட்டமும் வந்தன. சட்டப் புத்தகத்தில் பாதுகாப்பு இருக்கிறது. குறுக்கு வீதியில் குடியிருப்பவரின் வாசலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இந்த நம்பிக்கையை ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டியெழுப்புவது மெதுவான வேலை. அதனால் ஆட்சியாளர்கள் குறுக்கு வழியைத் தேடுகிறார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் தொடங்கிய நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைதானார்கள். கைதானோர் தொகை நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் கவலை வெளியிட்டார்கள். அதற்குத் தலைமை தாங்கிய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோன், ஒருவரைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறியவர் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே மாதத்தில்தான். 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பொலிஸ் மா அதிபர் பதவியிலிருந்து நீக்கியது. அதே வருடம் ஒக்டோபரில் புதிய அரசாங்கம் தனது தேசிய நடவடிக்கையைத் தொடங்கியது. அதன் வெற்றியைக் கைதுகளின் எண்ணிக்கையால் அளக்கலாகாது. தகவல் சொன்ன ஒரு தாய் மறுநாளும் அச்சமின்றிக் கடைக்குப் போய்வர முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

இவ்வளவும் எழுதிய பின், மௌனம் சரி என்று நான் சொல்லப் போவதாக வாசகர் நினைக்கலாம். அப்படியல்ல. பொலிஸைப் பற்றிய எமது குறைகள் சில வேளை எமக்கே வசதியான சாட்டாகிவிடுகின்றன. விற்பவன் எமது தெருப் பிள்ளை. கல்யாணத்துக்குக் கைகொடுப்பான், கஷ்டப்பட்டவருக்கு அரிசி வாங்கிக் கொடுப்பான். அந்தக் காசு எங்கிருந்து வந்ததென்று நாம் கேட்பதில்லை. அங்கே எம்மைத் தடுப்பது பொலிஸின் ஊழலல்ல, எமது கூச்சமும் சுயநலமும். நாங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு இலாபமான நாள்.

ஆகவே கடமை இல்லாமற் போகவில்லை. ஆனால், அதன் பாரம் யார் தலையில் என்பதில்தான் நாம் பிழை விடுகிறோம். ஊரிலேயே மிகவும் பலவீனமான ஒருவரைத் தனியே அனுப்பி, சொல்லிவிட்டு வா என்பது அறமல்ல. எமது கடமையை அவர் தலையில் இறக்கி வைப்பது. ஒருவர் போய்ச் சொன்னால் அந்தப் பெயரை விற்கலாம். ஆசிரியர், கடைக்காரர், மீனவர் சங்கத்தவர், பள்ளி நிர்வாகி, கோயில் தர்மகர்த்தா என்று நாற்பது பேர் ஒன்றாகக் கையொப்பமிட்டுச் சொன்னால் எந்தப் பெயரை விற்பது? கைப்பற்றிய பொருள் என்னவாயிற்று, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அதே நாற்பது பேர் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், அமானிதத்தை வைத்திருக்கும் கைக்கும் கணக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் வரும்.

அந்தத் தாயின் கேள்வியைப் பொலிஸைப் பற்றிய கேள்வி என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். "பொலிஸ் பொறுப்பெடுக்குமா" என்று அவர் கேட்கவில்லை. "நீங்க பொறுப்பெடுப்பீங்களா" என்றுதான் கேட்டார். கூட வருகிறேன் என்று அன்று என் வாயில் வரவில்லை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் என்னிடம் விட்டுச் சென்ற அந்தக் கேள்வியும் ஓர் அமானிதம்தான்.