வேலை முடிந்த வலி

கடப்பாக்கம் குப்பத்தில் திருக்கை முள் ஏறாத கால்கள் குறைவு. பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றிக் காலை முக்கிவைப்பார்கள். முள்ளின் விஷம் சூட்டில் சிதையும் புரதம் என்பதால் டாக்டர்களும் அதையே செய்யச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பானது வேறொன்று. காற்று முறுகி, வலையை இழுத்தே ஆகவேண்டிய நேரத்தில் நடுக்கடலில் கையைக் கிழித்துக்கொண்டவரைக் கேட்டால், "இழுக்கிறப்ப ஒண்ணும் தெரியலண்ணே, கரைக்கு வந்தப்புறம்தான் நோவு உயிர் போச்சு" என்பார்.

கரை ஏறும்வரை அவர் வலியை அமர்த்தி வைத்தது யார்? அவர் உடம்பேதான். மூளையில் அபினி வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டென்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் 1973இல் காட்டினார்கள். எங்கோ விளையும் ஒரு செடியின் பாலுக்கு நம் மண்டைக்குள் எதற்கு இடம்? ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூசும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தபோது, 1975இல், விடை கிடைத்தது. அந்த இடம் செடிக்காக அமைந்ததல்ல. உடம்பு தனக்குத் தானே சுரந்துகொள்ளும் மருந்துக்கான இடம் அது. செடியின் பால் தற்செயலாகப் பொருந்திப்போயிற்று.

குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அதுவும் இந்தச் செடியின் விதைதான். விதையில் போதைச் சத்து பேருக்குத்தான் இருக்கும். ஆனால் இந்த விளக்கத்தைக் கசகசாவுக்குத் தடை உள்ள துபாயின் விமான நிலையத்தில் சொல்லிப் பார்க்க வேண்டாம். வீரியம் முழுவதும் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலில் இருக்கிறது. அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தவர் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர். காலம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

டைக்ளோஃபினாக் என்ற வழக்கமான வலி ஊசி காயம்பட்ட இடத்து வீக்கத்தோடு மல்லுக்கட்டுகிறது. மார்ஃபின் காயத்தைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். காயத்திலிருந்து கிளம்பும் சேதி முதுகுத்தண்டில் ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குக் கைமாறுகிறது. தரும் நரம்பின் நுனியில் கால்சியம் நுழையாமல் மார்ஃபின் தடுக்கிறது, சேதி குறைகிறது. வாங்கும் நரம்பிலிருந்து பொட்டாசியத்தை வெளியே விடுகிறது, அது எளிதில் கிளர்ந்தெழுவதில்லை. மூளைக்குள் அதன் வேலை இன்னும் நுட்பம். வலி எங்கே என்று சொல்லும் பகுதியைவிட, ஐயோ என்று துடிக்க வைக்கும் பகுதியில்தான் அதன் கை ஓங்கியிருக்கிறது. அதனால்தான் மார்ஃபின் எடுத்தவர்கள் சிலர், "வலி இருக்கு, ஆனா என்னை ஒண்ணும் பண்ணல" என்கிறார்கள். வலியும் வேதனையும் ஒன்றல்ல, பிரித்தெடுக்கக்கூடிய இரண்டு என்பதை எந்தத் தத்துவ நூலையும்விட இந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெளிவாகச் சொன்னது.

அப்படியானால் வலியே இல்லாமல் வாழ்ந்துவிடலாமே? இதற்கு விடை செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருக்கிறது. அங்கிருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு, தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அழைத்து, 1947இல் வேலூரிலிருந்து வந்தார் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். விரல் மடங்கிப்போன நோயாளி ஒருவர் அவர் கையை இறுக்கிப் பிடித்தார். பிராண்டுக்குச் சுரீரென வலித்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பிடித்தவருக்குத் தெரியவில்லை. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் சுட்டும் வெட்டுப்பட்டும் அழிகின்றன என்ற முடிவுக்குப் பிறகு பிராண்ட் வந்துசேர்ந்தார். இரவில் எலி விரலைக் கடித்தால்கூட விழிப்பு வராது என்பதால் வீடு திரும்பும் நோயாளிகளிடம் பூனை கொடுத்தனுப்பிய கதையையும் எழுதியிருக்கிறார். தொழுநோய் நரம்பையே கொல்கிறது. மார்ஃபின் நரம்பை விட்டுவைக்கிறது, மருந்து இறங்கியதும் சேதி மறுபடி போகும். இரண்டுக்கும் உள்ள தூரம் இதுதான்.

ஆக, வலிக்கு ஒரு வேலை உண்டு. ஆனால் திருடனைப் பிடித்துக் கட்டிப்போட்ட பிறகும் விடியவிடியக் குரைக்கும் நாயை என்ன செய்வது? எலும்புக்குள் பரவிவிட்ட புற்றுநோயின் வலி அப்படிப்பட்டது. காஞ்சிபுரம் காரைப்பேட்டையின் அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போய்க் கண்டுபிடித்தாயிற்று, செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. எச்சரிக்க இனி எதுவுமில்லை. அந்த வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்வதில் எந்த வீரமும் இல்லை. சில ரூபாய் விலையுள்ள மார்ஃபின் மாத்திரை அதை அடக்கும்.

அந்த மாத்திரைதான் நமக்குக் கிடைக்காமல் போயிற்று. 1985இன் போதைப்பொருள் சட்டம் பத்தாண்டுக்குக் குறையாத சிறை என்று மிரட்டியதும் பல மருத்துவமனைகள் மார்ஃபினை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டன. உரிமத்தை எளிதாக்கிய திருத்தம் வர 2014 ஆயிற்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு அபினி விளைகிறது, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன, ஏற்றுமதியும் நடக்கிறது. ஆனால் வலி தணிப்புக்குத் தேவையானதில் இந்தியாவுக்குக் கிடைப்பது 4 சதவீதம் என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. போதைக்கு அஞ்சி நோயாளிகளை வலியில் விட்டோம்.

அந்த அச்சம் முழுப் பொய்யும் அல்ல. அபினியின் ஏற்பிகள் குடலிலும் இருப்பதால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், எத்தனை மாதமானாலும் பழகாது. விவரமுள்ள டாக்டர் முதல் நாளே அதற்கும் சேர்த்து மருந்து எழுதுவார். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும். ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் மூச்சை இழுக்கச் சொல்லும் மூளைத்தண்டு மந்தமாகும். அளவு மீறினால் ஆள் தூங்கியபடியே மூச்சை மறந்துவிடுவார். நலாக்சோன் என்ற முறிமருந்து கொடுத்தால் மீட்கலாம். நாளாக நாளாக அதே பலனுக்கு அளவு கூட வேண்டிவரும். திடீரென நிறுத்தினால் வியர்வை, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு என்று உடம்பு கலகம் செய்யும். இவ்வளவும் மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகக் கையாளக்கூடியவை. கையாள முடியாமல் போவது வேறிடத்தில். டேபென்டடால் என்ற வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள், விற்றவர்கள் கைது என்ற செய்தி நம் நாளிதழ்களுக்கு இப்போது வாடிக்கை. அந்தப் பையன்களுக்கு எலும்பில் புற்று இல்லை. பின் எந்த வலிக்கு அது?

1970களின் இறுதியில் யாக் பாங்செப் என்ற ஆய்வாளர் துணையிலிருந்து பிரித்த கோழிக்குஞ்சுகளைக் கவனித்தார். அவை விடாமல் கத்தின. மயங்கவைக்காத அளவு மிகக் கொஞ்சமாக மார்ஃபின் கொடுத்ததும் அடங்கின. அபினியின் ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தால் இன்னும் அதிகமாகக் கத்தின. எந்த மருந்தும் இல்லாமல் கைக்குள் பொத்திப் பிடித்தாலே குஞ்சு சமாதானமாகிவிடும். முள் குத்திய நோவையும் துணையற்ற நோவையும் உடம்பு ஒரே சரக்கைக் கொண்டு ஆற்றுகிறது. எந்த நோவுக்கு வந்தது என்று மார்ஃபினுக்குத் தெரியாது.

இது தெரிந்த பிறகு அந்தப் பையன்களை என்னால் வெறும் குற்றவாளிகளாகப் பார்க்க முடியவில்லை. துணைக்கு ஆள் இல்லாத இடத்தில் அவர்கள் மாத்திரையை வைத்துப் பார்க்கிறார்கள். மறுபக்கம், புற்றுநோயாளியிடம் மாத்திரை மட்டும் நீட்டுவதும் பாதி வைத்தியம்தான். 1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸுக்கு இது தெரிந்திருந்தது. 1993இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் ஆரம்பித்த வலி தணிப்பு வேலை அக்கம்பக்கத்தார் கைகளுக்குப் போய்ப் பரவியதும் இதனால்தான். தமிழ்நாட்டில் 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் செவிலியர் உண்டு. கடப்பாக்கத்தில் படுக்கையில் கிடக்கும் பெரியவர் வீட்டுக்கு அவர் வரும்போது பையில் மார்ஃபின் இருக்க வேண்டும், மலம் போயிற்றா என்று கேட்க வேண்டும். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை வீடு பார்த்தாய் என்று மேலிடம் கணக்குக் கேட்டாலும், அரைமணி உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் ஒதுக்கித் தரவேண்டும்.